மோவாய்க்கடியில் கிடந்த தாயத்து

ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் ஒரு பகுதி, ரோமானியர் காலத்தில் நிடா என்ற தனி ஊராக இருந்தது. 2018இல் அந்த ஊரின் இடுகாட்டைத் தோண்டியபோது, ஒரு ஆணின் எலும்புக்கூட்டில் மோவாய்க்குக் கீழே மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ளிக் குப்பி கிடந்தது. கழுத்தில் கட்டியபடியே புதைத்திருக்கிறார்கள். குப்பிக்குள் மெல்லிய வெள்ளித் தகடு ஒன்று சுருண்டிருந்தது.

நமக்கு இது பழக்கமான பொருள்தான். செப்புத் தகட்டில் எழுத்தாணியால் கீறி, சுருட்டி, குப்பியில் அடைத்து, கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவதை இன்றும் பார்க்கிறோம். கட்டிக்கொண்டவர் அதைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதும் நம்மூரில் சொல்லும் விதி. ஃபிராங்க்பர்ட் ஆய்வாளர்களும் பிரிக்கவில்லை. அவர்களுடைய காரணம் வேறு.

நெடுங்காலம் மண்ணுக்குள் கிடக்கும் வெள்ளி, மண்ணிலுள்ள உப்போடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி குளோரைடாக மாறும். அதன் பிறகு அது வளையாது. பழைய அப்பளம் போல நொறுங்கும். எருசலேமுக்கு அருகே கேதெஃப் ஹின்னோம் என்ற இடத்தில் 1979இல் தொல்லியலாளர் காப்ரியேல் பார்க்காய் குழுவினர் இரண்டு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். சின்னது விரித்தபின் வெறும் 39 மில்லிமீட்டர் நீளம். அவற்றைக் கையால் விரிக்கும் முறையைக் கண்டுபிடித்து விரித்து முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக' என்ற எபிரேய வாழ்த்து அதில் இருந்தது, சுமார் 2,600 ஆண்டுப் பழைய எழுத்தில். பலன் பெரிது. ஆனால் கை ஒருமுறை தவறினால் திரும்பக் கிடைக்காத பலன்.

ஃபிராங்க்பர்ட் தகட்டில் எழுத்து இருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. படிக்கத்தான் முடியவில்லை. எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். சுருளின் எல்லா மடிப்புகளும் ஒரே நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பத்துப் பக்கத்தைக் கண்ணாடித் தாளில் எழுதி அடுக்கி விளக்குக்கு முன் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி.

2024 மே மாதம் மைன்ஸ் நகரின் லைப்னிட்ஸ் தொல்லியல் மையத்தில் அதை சி.டி. ஸ்கேன் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் நாம் படுத்திருக்க, கருவி நம்மைச் சுற்றுகிறது. இங்கே பொருளைச் சுழற்றிச் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுப்பார்கள். வெள்ளி எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கும். மடிப்புகளுக்கு இடையே உள்ள காற்றும் மண்ணும் அவ்வளவாகத் தடுக்காது. எல்லாக் கோண நிழல்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், குப்பிக்குள் எந்தப் புள்ளியில் வெள்ளி இருக்கிறது, எந்தப் புள்ளியில் இல்லை என்று முப்பரிமாணத்தில் வந்துவிடும்.

அதிலிருந்து ஒரு குறுக்குவெட்டை எடுத்துப் பார்த்தால், சுருட்டி வைத்த பாயை முனையிலிருந்து பார்ப்பது போல ஒரு சுழிக்கோடு தெரியும். வெட்டுக்கு வெட்டு அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து, எல்லாவற்றையும் இணைத்தால் தகட்டின் பரப்பு கிடைக்கும். அதைத் திரையில் நிமிர்த்திவிடலாம். மையால் எழுதாமல் கீறி எழுதியது இங்கே பெரிய உதவி. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பள்ளம்; திரையில் பக்கவாட்டாக ஒளி விழச் செய்தால் பள்ளங்கள் நிழலாக எழும். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. அந்தத் தகடோ நசுங்கி, மடங்கி, விரிசல் விட்டிருந்தது. துண்டு துண்டாக நிமிர்த்தி ஒட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

கிடைத்தவை 18 வரிகள். அவற்றைப் படித்துச் சொன்னவர் ஃபிராங்க்பர்ட் கோதே பல்கலைக்கழகத்தின் மார்குஸ் ஷோல்ஸ். அப்போஸ்தலர் பவுலின் சீடரான புனித தீத்துவின் பெயரோடு தொடங்கி, 'பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்' என்று போற்றி, இயேசு கிறிஸ்துவின் முன் எல்லா முழங்கால்களும் முடங்கும் என்ற, பைபிளின் பிலிப்பியர் நிருப வாசகத்தோடு முடிகிறது. முழுக்க லத்தீன். அதுதான் விசித்திரம். அந்தக் காலத்து மந்திரத் தகடுகள் பெரும்பாலும் கிரேக்கத்திலோ எபிரேயத்திலோ இருக்கும். ஒரே தகட்டில் யூதத் தேவதூதர் பெயர், பிற தெய்வங்களின் பெயர் என எல்லாம் கலந்திருக்கும். எந்தச் சாமி கைகொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்! இதில் அப்படி ஒரு கலப்பும் இல்லை.

சரி, இது எந்தக் காலத்தது? வெள்ளியைக் கேட்டால் சொல்லாது. கார்பன் காலக்கணிப்புக்குக் கார்பன் வேண்டும்; வெள்ளியில் ஏது? ஈயத் தாதுவிலிருந்து பிரித்த வெள்ளியில் ஒட்டியிருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகளை (எடை மட்டும் வேறுபடும் ஈய அணு வகைகளை) அளந்து எந்தச் சுரங்கம் என்று தேடலாம். ஆனால் பழைய நாணயத்தையும் உடைந்த நகையையும் உருக்கிச் செய்திருந்தால் அந்தத் தடமும் கலங்கிவிடும். வாசகத்தைக் கேட்டால் தவறாகவே சொல்லும்: மும்முறை 'பரிசுத்தர்' என்னும் போற்றி, கிறிஸ்தவ வழிபாட்டில் 4ஆம் நூற்றாண்டிலிருந்துதான் அறியப்பட்டிருந்தது. பழம்பொருள் கடையில் இந்தக் குப்பி வந்திருந்தால், அந்த நூற்றாண்டையோ அதற்குப் பிந்தையதையோ எழுதி ஒட்டியிருப்பார்கள். போலி என்றே ஒதுக்கியிருந்தாலும் நான் வியக்கமாட்டேன்.

சரியான பதில் கல்லறையிலிருந்து வந்தது. கூடவே வைத்திருந்த தூபக் கிண்ணமும் மண் குடமும் இருந்த அந்தக் குழியின் காலம் கி.பி. 230க்கும் 270க்கும் இடைப்பட்டது. அதனால்தான் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே கிறிஸ்தவத்துக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று என்று 2024 டிசம்பரில் இதை அறிவிக்க முடிந்தது. அந்த வட்டாரத்தில் அதுவரை இருந்த சான்றுகளைவிட ஏறக்குறைய 50 ஆண்டு முந்தியது.

எழுத்தே படிக்க முடியாமல் போனாலும் மண் பேசும் என்பதற்கு யோர்தானில் உள்ள ஜெராஷ் நகரத் தாயத்து இன்னும் நல்ல சாட்சி. 2014இல் கிடைத்தது, ஈயக் கூட்டுக்குள் வெள்ளிச் சுருள். இதையும் சி.டி. ஸ்கேன் செய்து கணினியில் விரித்தார்கள். 17 வரிகள் வந்தன. முதல் வரியில் கிரேக்கம் போலத் தோன்றும் மந்திரக் குறிகள். மீதி அரபு மாதிரி இருக்கும், ஆனால் அரபு இல்லை. வெறும் பாவனை எழுத்து! இவ்வளவு கருவிகளையும் வைத்துக்கொண்டு படித்தது ஒரு அர்த்தமும் இல்லாத கிறுக்கலை.

ஆனால் அது கிடந்த வீடு கி.பி. 749 நிலநடுக்கத்தில் இடிந்தது. ஆகவே சுருள் அதற்கு முந்தியது. அரபு ஆட்சியும் அரபு எழுத்தும் அங்கே வந்து நூறாண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்த சமயம். ஊரார் பலருக்கு அது படிக்கத் தெரியாத, ஆனால் அதிகாரம் உள்ள எழுத்து. எழுதியவருக்கும் தெரிந்திருக்காது, வாங்கியவருக்கும் தெரிந்திருக்காது. குப்பியை மூடிய பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று எழுதியவர் நினைத்திருப்பார், பாவம்.