நெர்ஃப்: சொல் வந்த வழியும் தமிழில் ‘மழுக்கு’ என்ற சொல்லும்

நெர்ஃப் வினையாகவும் பெயராகவும் வழங்கும் சொல். பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கேம்களில், ஓர் ஆயுதத்தின், வீரரின், படையின் அல்லது அட்டையின் வலுவை அந்த கேமை உருவாக்கியவர்களே ஒரு பேட்ச், அதாவது திருத்தப் புதுப்பிப்பு, மூலம் குறைப்பதை இது குறிக்கும். இதன் எதிர்ச்சொல் பஃப். “அந்த கன்னை நெர்ஃப் பண்ணிட்டாங்க”, “போன அப்டேட்ல நெர்ஃப் ஆயிடுச்சு” என்பவை தமிழ்ப் பேச்சில் கேட்கும் வடிவங்கள்.

இந்தப் பொருளுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, குறைப்பவர் கேமை உருவாக்கியவராக இருக்க வேண்டும். எதிராளி ஒரு மந்திரம் போட்டுப் பத்து விநாடிக்கு உங்கள் வேகத்தைக் குறைத்தால் அது டீபஃப், நெர்ஃப் அல்ல. இரண்டு, குறைப்பு எல்லா ஆட்டக்காரருக்கும் பொதுவாக, அடுத்த பேட்ச் மாற்றும்வரை நிலைக்க வேண்டும். பிழை திருத்தத்தால் ஓர் ஆயுதம் பலவீனமானால் அதைக் கண்டிப்பான பொருளில் நெர்ஃப் என்று சொல்ல முடியாது. ஆனால் தோற்றவர்கள் அதையும் நெர்ஃப் என்றே சொல்வார்கள். வழக்கு அப்படித்தான் விரிந்திருக்கிறது.

சொல்லின் வேர் அமெரிக்கக் கார்ப் பந்தயத்தில் இருக்கிறது. பந்தயத்தில் முன்னால் போகும் வண்டியை இலேசாக இடித்து நகர்த்துவதை 1950-களில் அங்கே நெர்ஃப் என்றார்கள். அப்படி இடிபடும்போது வண்டியைக் காக்கப் பொருத்திய குழாய்க்கு நெர்ஃப் பார் என்று பெயர். பிறகு 1970-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், வீட்டுக்குள்ளேயே எறிந்து விளையாடத்தக்க ஒரு நுரைப்பஞ்சுப் பந்தை நெர்ஃப் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் ரெய்ன் கையர். ட்விஸ்டர் விளையாட்டின் பின்னணியிலும் அவர் இருந்தார். பட்டாலும் வலிக்காது, கண்ணாடியும் உடையாது என்பதே அந்தப் பந்தின் சிறப்பு. அதே பெயரில் நுரை மட்டை, நுரைக் குண்டு சுடும் துப்பாக்கி என்று பின்னால் ஒரு வரிசையே வந்தது.

கேம்களுக்கு இந்தச் சொல் வந்தது 1997-இல் வெளியான அல்டிமா ஆன்லைன் வழியாக. அதில் வாள்களின் தாக்கும் வலுவைக் குறைத்தபோது, ‘இனி நெர்ஃப் மட்டையால் அடித்துக்கொள்வது போலத்தான்’ என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டார்கள். அந்தக் கேலி ஒட்டிக்கொண்டது. புலம்பலாகப் பிறந்த சொல், சில ஆண்டுகளில் உருவாக்குநர்களின் பேட்ச் குறிப்புகளிலேயே தொழிற்சொல்லாக ஏறிவிட்டது. இப்போது அதைச் சொல்கிறவர் எல்லாரும் பொம்மையை நினைத்துச் சொல்வதில்லை.

எதைத் தொட்டால் நெர்ஃப் ஆகும் என்பதற்கு, இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்டர்-ஸ்ட்ரைக் நல்ல பாடம். ஏடபிள்யூபி என்ற தொலைநோக்கித் துப்பாக்கி, காலைத் தவிர உடம்பில் எங்கே ஒரே குண்டு பட்டாலும் ஆளை வீழ்த்தும். 2022 நவம்பரில் அதை மழுக்கியபோது உருவாக்குநர்கள் டேமேஜில் கை வைக்கவில்லை. மேகசினில் இருந்த 10 குண்டுகளை 5 ஆக்கினார்கள். ஒரு குண்டில் வீழ்த்தும் அதன் குணம் அப்படியே நின்றது. புகைக்குள்ளும் சுவர் வழியாகவும் குத்துமதிப்பாகச் சுட்டுத்தள்ளும் பழக்கத்துக்கு மட்டும் விலை கூடியது. நல்ல நெர்ஃப் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து: பொருளின் உயிரை விட்டுவிட்டு, அதன் மிகையை மட்டும் செதுக்குவது.

விலையும் ஒரு நெம்புகோல்தான். அதே தொடரில், தொலைநோக்கி பொருத்திய ஏயூஜி துப்பாக்கியின் விலையை 2018-இல், கேமுக்குள் புழங்கும் பணத்தில், 3,300 டாலரிலிருந்து 3,150 டாலராக இறக்கினார்கள். அன்று வழக்கமான துப்பாக்கியான எம்4ஏ4-இன் விலை 3,100 டாலர். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிக்கும் அதற்கும் இடையில் 50 டாலர்தான் வித்தியாசம் என்றானதும், அதுவரை பெரும்பாலோர் சீண்டாத ஏயூஜி பெரிய போட்டிகளிலும் எல்லார் கையிலும் வந்துவிட்டது. 2019-இல் பழைய விலைக்கே திரும்பினார்கள். துப்பாக்கியின் டேமேஜைத் தொடாமலே ஒரு பஃப்பும் ஒரு நெர்ஃப்பும் நடந்தேறின.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை ஹார்த்ஸ்டோன் அட்டை விளையாட்டில் பார்க்கலாம். ஸ்டார்விங் பஸ்ஸார்டு என்ற அட்டை களத்தில் இருக்கையில், விலங்கு ஒன்று இறங்கும்தோறும் உங்களுக்கு ஓர் அட்டை கிடைக்கும். அதன் விலை அப்போது 2 மானா (மானா என்பது அட்டையை இறக்கச் செலவிடும் புள்ளி). எதிரியின் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு நாயை இறக்கும் 3 மானா அட்டையோடு சேர்த்தால், மொத்தம் 5 மானாவில் கை நிறைய அட்டைகள். 2014 செப்டம்பரில் பஸ்ஸார்டின் விலையை 5 மானா ஆக்கினார்கள். சேர்க்கையின் மொத்தம் 8 மானா ஆனது. அந்த அட்டையும் தொகுப்புகளிலிருந்து மறைந்துபோனது. இதை நெர்ஃப் என்பதைவிடப் புதைத்தல் என்பதே பொருத்தம்.

எண்ணை மாற்றச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது முறிபுள்ளி. சேதக் கணக்கில் சில எல்லைக்கோடுகள் உண்டு. கோட்டைத் தாண்டாத மாற்றம் யாருக்கும் தெரியாது, தாண்டுகிற மாற்றம் சின்னதானாலும் எல்லாவற்றையும் புரட்டிப்போடும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஆளின் உயிர் 100. ஏகே-47 துப்பாக்கியின் அடிப்படை டேமேஜ் 36. தலையில் பட்டால் நான்கு மடங்கு, 144. தலைக்கவசம் அதில் 77.5 விழுக்காட்டை உள்ளே விடும், ஏறத்தாழ 111. ஆள் காலி. எம்4ஏ4-இன் டேமேஜ் 33, நான்கு மடங்கு 132, கவசம் விடுவது 70 விழுக்காடு, ஏறத்தாழ 92. ஆள் பிழைப்பார். இப்போது “எம்4-க்கு வெறும் 3 புள்ளி கூட்டுங்கள்” என்று ஒருவர் பரிந்துரைத்தால், 36-ஐ நான்கால் பெருக்கி 70 விழுக்காடு எடுங்கள்: 100.8. மிக அருகில் சுடும்போது ஒரே குண்டில் தலை விழும். இரண்டு அணிகளின் துப்பாக்கிக்கும் இடையில் இருக்கும் முதன்மையான வேறுபாட்டையே அந்த 3 புள்ளி தின்றுவிடும்.

சரி, இதற்குத் தமிழ் என்ன? ‘வலுக்குறைப்பு’ பிழையில்லாத சொல்; பேட்ச் குறிப்பைத் தமிழில் எழுதினால் தலைப்பாக வைக்கலாம். ஆனால் பேச்சில் நிற்காது. ‘வலுக்குறைத்துவிட்டார்கள்’ என்று விளையாட்டின் நடுவே யாரும் கத்தப்போவதில்லை. ‘பலவீனப்படுத்து’ நீளம், எதிரி செய்வதையும் குறிப்பதால் பொருளும் கலங்கும். ‘மட்டுப்படுத்து’ பரவாயில்லை, ஆனால் அதில் ஒரு வரம்பு கட்டும் பொருள் இருக்கிறது. கூர்மை போன பொருள் இல்லை.

என் தேர்வு ‘மழுக்கு’. மழுக்குதல் என்றால் கூரை, பளபளப்பை, வலுவைப் போக்குதல். வாளை நுரை மட்டையாக்கிவிட்டார்கள் என்ற அந்தப் பழைய கேலிக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைப்பது கடினம். உருவகத்தை ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கவும் தேவையில்லை. ‘மழுக்கல்’, ‘மழுக்கிட்டாங்க’, ‘மழுக்குங்க’ என்று எல்லா வடிவத்திலும் வளைந்து கொடுக்கும்.

இதைவிடப் பெரிய ஆதாயம், தமிழில் ‘மழுக்கு’ என்ற பிறவினைக்குப் பக்கத்திலேயே ‘மழுங்கு’ என்ற தன்வினை இருப்பது. ஒரு படையின் எண்கள் எதுவும் மாறாமல், சுற்றியிருப்பவை வலுத்ததாலேயே அது பயனற்றுப் போவது உண்டு. புதிதாக வந்த வீரர் பழையவரை விஞ்சிவிடுவார். பழையவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘மறைமுக நெர்ஃப்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் ஓர் எழுத்து போதும்: உருவாக்குநர் கை வைத்தால் மழுக்கினார்கள், தானாக ஆனால் மழுங்கியது. விவாதத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம். மழுக்கப்பட்டதற்குத் தீர்வு, பழைய எண்ணைத் திருப்பித் தருவது. மழுங்கியதற்கு அது உதவாது. திருப்பித் தர ஒன்றுமே இல்லை.

நண்பர்களுக்குள் கிண்டலாகச் சொல்ல ‘மொக்கையாக்கு’ ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மொக்கை என்பதன் பழம்பொருளே கூரின்மைதான். மொக்கைக் கத்தி என்று இன்றும் சொல்கிறோம். “நல்லா இருந்த கன்னை மொக்கையாக்கிட்டாங்க மச்சி” என்பதில் நெர்ஃபும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஆனால் அது கண்டனச் சொல்; நியாயமான குறைப்புக்குப் பொருந்தாது. அங்கே மழுக்குதான்.

பஃப் வேறு வழியில் வந்தது. எருமைத் தோலைக் குறித்த சொல், அந்தத் தோலால் தேய்த்து மெருகேற்றுவதைக் குறிக்கலாயிற்று. பிறகு மெருகேறிய கட்டுடம்பு. அதன்பின் ஆட்டத்தில் வலுவூட்டல். 1999-இன் எவர்குவெஸ்ட் போன்ற கேம்களில் பஃப் என்பது துணைக்கு வருபவர் உங்கள்மேல் போடும் தற்காலிக மந்திரம்; பேட்ச் மூலம் வலுவைக் கூட்டுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. தமிழில் இந்த இரண்டையும் பிரித்தே வைக்கலாம்: மந்திரத்துக்கு ‘வலுவூட்டம்’, பேட்ச் மாற்றத்துக்கு ‘கூர்தீட்டல்’. தீட்டு என்ற வினை அரிசியை மெருகேற்றுவதற்கும் கத்தியைக் கூராக்குவதற்கும் பொதுவானது. பஃப்பின் பழைய பொருளோடு அப்படியே ஒத்துப்போகிறது. ‘தீட்டு’ என்று தனியாகப் பெயர்ச்சொல்லாக எழுதினால் வேறு பொருள் தலைகாட்டும், அதனால் ‘கூர்’ சேர்த்தே எழுத வேண்டும். அதேபோல, வலு மிஞ்சியதை ‘ஓபி’ என்பார்கள். வேலை செய்யாமல் ஓபி அடிப்பது நமக்கு நெடுநாளாகவே தெரியும் என்பதால், எழுத்தில் ‘மிகைவலு’ என்பது குழப்பம் தராது.

இந்தச் சொற்கள் அதிகம் புழங்குவது பரிந்துரைகளில். தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் உத்தி கேமின் புதுப் பதிப்பில் 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற நாகரிகம் வந்தது. உருமி வீரர், திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழன் போர்த்தொடர் எல்லாம் அதில் உண்டு. குதிரை நைட் படை இல்லை. நிலப்பரப்பு வரைபடங்களில் அதனால் திணறும். கடலில் வலு: மீன்பிடிப் படகு ஒவ்வொன்றும் 15 உணவு கூடுதலாகச் சுமக்கும். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம்.

“திராவிடரைத் தீட்டுங்க, 200 மரத்தை 350 ஆக்குங்க” என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 200 மரத்தில் 175-க்கு ஒரு வில்லாளர் கூடமும் 25-க்கு ஒரு வீடும் கட்டலாம். 350 என்றால் யுகம் ஏறிய நொடியிலேயே இரண்டு கூடங்கள், இது முறிபுள்ளி. அதைவிடச் சிக்கல், அதே மரத்தைக் கடல் வரைபடத்தில் 75 மரத்துக்கு ஒன்றாக மீன்பிடிப் படகுகளில் கொட்டலாம் என்பது. நிலத்தில் நொண்டுவதைச் சரிசெய்யக் கேட்ட தீட்டல், ஏற்கெனவே வலுத்த இடத்தில் இன்னும் ஏற்றிவிடும். நிலத்தில் மட்டும் பயன்படும் ஒன்றை, சொல்லப்போனால் காலாட்படைக்கோ முற்றுகைக் கருவிக்கோ சலுகையை, கேட்பதே சரியான பரிந்துரை.

எந்தப் பரிந்துரையிலும் எழுத வேண்டியவை: பேட்ச் எண், வரைபடம், நீங்கள் ஆடும் தரப்புள்ளி (ரேட்டிங்), எதிர்த்த படை, இப்போதைய எண், நீங்கள் கேட்கும் எண், அந்த மாற்றம் தாண்டும் முறிபுள்ளி. ஒரு முறைக்கு ஒரே நெம்புகோல். டேமேஜும் விலையும் வேகமும் ஒன்றாகக் குறைந்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸார்டின் கதிதான் நேரும். தரப்புள்ளியை மறைக்கவே கூடாது. கீழ்த்தரப்பில் போர்யானையை மழுக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள்; மேல்தரப்பில் ஈட்டி வீரரும் மதம் மாற்றும் துறவியும் அதைச் சமாளித்துவிடுவார்கள். அங்கே தேவைப்படுவது பயிற்சி.

கிண்டலில் இந்தச் சொல் ஆளையே பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து ஜெயிக்கிறவனைப் பார்த்து “டேய், இவனை நெர்ஃப் பண்ணுங்கடா” என்றால் அது பாராட்டு. ஒருவன் நாள் முழுக்கச் சொதப்பினால் “இன்னிக்கு அண்ணன் நெர்ஃப் ஆயிட்டாரு”. இங்கே தமிழ் கச்சிதமாக வரும்: “அண்ணன் மழுங்கிட்டாரு”. தோற்றவர் நெர்ஃப் கேட்டால் வழக்கமான பதில் ‘ஸ்கில் இஷ்யூ’, அதாவது குறை கருவியில் இல்லை, கையில் இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுகிறவர்கள் சொல்லே இல்லாமல் 11 என்று மட்டும் தட்டுவார்கள். அந்த எண்ணுக்கு கேமுக்குள் ஒரு பெருஞ்சிரிப்பு ஒலிக்கும். 14 தட்டினால் ‘சீக்கிரம் ஆரம்பி’. 30 தட்டினால் ‘வொலோலோ’. எதிரியை மதம் மாற்றும் துறவியின் மந்திரம் அது. நெர்ஃப் கேட்டு நீளமாகப் புலம்புகிறவருக்கு 11 ஒன்றே பதிலாக வருவது வழக்கம். முன்பின் தெரியாத புதியவரிடம் இதைச் செய்யாதிருப்பது நல்லது. அவருக்கு அது சிரிப்பாகத் தெரியாது, விரட்டலாகத் தெரியும்.

எழுத்துக் குறிப்பு: ஒலிபெயர்த்து எழுதினால் ஆய்தம் சேர்த்து ‘நெர்ஃப்’. வேற்றுமை ஏறும்போது நெர்ஃபை, நெர்ஃபுக்கு, நெர்ஃபால். ‘நெர்ப்’ என்ற எழுத்துக்கூட்டலும் கண்ணில் படும். ஒலி மாறிவிடுவதால் தவிர்க்கலாம்.