நகரி மலையும் நிலவின் வயதும்

திருத்தணி தாண்டி நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மலைகளின் உச்சியைக் கவனியுங்கள். மேலே செங்குத்தாக நிற்கும் பாறை, குவார்ட்சைட். மிகப் பழைய நீர்நிலை ஒன்றின் மணல் இறுகி உண்டானது அது. நிலவியல் நூல்களில் அதன் பெயரே நகரி குவார்ட்சைட்தான். அதற்கு அடியில் கிடப்பது கிரானைட். திருமலைக்கு ஏறும் சாலையில் இரண்டும் சேரும் கோடு மலையின் வெட்டுமுகத்திலேயே தெரியும். கோட்டுக்குக் கீழுள்ள பாறைக்கும் மேலுள்ள பாறைக்கும் இடையே குறைந்தது 50 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன; அந்தக் காலத்துப் பாறை எதுவும் இடையில் இல்லை. அந்த இடம் தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

கீழே கிடப்பது மூத்தது, மேலே படிந்தது இளையது. பிற கோள்களின் தரையை ஆராயும் நிலவியலாளரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார். அவரால் அங்கே நடந்து போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது. பெரும்பாலும் விண்கலம் அனுப்பிய படங்களே கையில் இருக்கும். விண்கல் மோதி உண்டான ஒரு குழியிலிருந்து தெறித்த கற்கள் பக்கத்துக் குழியை மூடியிருந்தால், மூடப்பட்ட குழி முந்தியது. உறைந்த எரிமலைக் குழம்பை ஒரு விரிசல் அறுத்துச் சென்றால், விரிசல் பிந்தியது. அமெரிக்க நிலவியலாளர் யூஜீன் ஷூமேக்கர் 1960களின் தொடக்கத்தில், மனிதர் எவரும் நிலவை மிதிக்கும் முன்பே, அதிலுள்ள கோப்பர்நிக்கஸ் குழியைச் சுற்றியுள்ள தரைக்கு இப்படி ஒரு கால வரிசை வகுத்தார். இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைக்கும் சாதனை அதுதான்.

ஆனால் வரிசையை வைத்து வயதைச் சொல்ல முடியாது. அதற்குத்தான் குழிகளை எண்ணுகிறார்கள். நிலவில் காற்றும் மழையும் இல்லாததால், விண்கல் விழுந்த தடம் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். பெருக்கிவிட்ட மண்முற்றத்தில் தூறல் விழத் தொடங்கியதும் புள்ளிகள் கூடிக்கொண்டே போவதைப் போல, எரிமலைக் குழம்பு புதிதாகப் பரவிய தரையில் குழிகள் சேர்ந்துகொண்டே போகும். நிலவின் வெளிர்நிற மேட்டுநிலங்களில் குழிகள் நெருக்கமாக இருக்கின்றன; கறுத்த சமவெளிகளில் குறைவு. ஆகவே சமவெளிகளே இளையவை. கேட்க எளிது, செய்வது கடினம். பெரிய மோதலில் தெறித்த கற்களும் விழுந்த இடத்தில் குழி பறிக்கும். அவற்றைப் பிரித்து ஒதுக்காவிட்டால் கணக்கு தவறும். பயிற்சி பெற்ற கண்ணும் மிகுந்த பொறுமையும் வேண்டும்.

எத்தனை குழிக்கு எத்தனை கோடி ஆண்டு? அதற்கு விடை கல்லில்தான் இருக்கிறது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் 382 கிலோ நிலவுக் கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். அவற்றிலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்து வயதைக் கணித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த எரிமலைப் பாறைகள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை. அதைவிட இளைய தரைக்கு, குழிக் கணக்கை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. குழிகள் குறைந்த ஒரு சமவெளியைத் தேர்ந்தெடுத்துச் சீனாவின் சாங்கே-5 விண்கலம் 2020இல் இறங்கியது. அது கொண்டுவந்த பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. குழிக் கணக்கு பொய்க்கவில்லை.

வெள்ளிக் கோள் முழுவதிலும் ஆயிரம் அளவிலேயே குழிகள் உண்டு. அதன் தரை இளமையானது. வியாழனின் துணைக்கோள் அயோவில் விண்கற்குழி ஒன்றுகூட இதுவரை தென்படவில்லை. எரிமலைகள் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14இல் புறப்பட்ட சந்திரயான்-3இன் ரோவர், தென்துருவத்தை ஒட்டிய மண்ணின் தனிமங்களை அளந்தது. அனார்த்தோசைட் என்ற பாறையின் சேர்மானத்துக்கு அது நெருங்கியிருந்தது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் அதே வகைப் பாறை உண்டு; அதைப் பொடித்துத்தான் இஸ்ரோ தன் சோதனைகளுக்கு நிலவு மண்ணைச் செய்துகொண்டது. தனிமங்களை அளந்த ரோவர் கருவியை உருவாக்கியது அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம். கோள் அறிவியலில் முனைவர் பட்டம் செய்ய விரும்புகிறவர்கள் நாடும் இடங்களில் அதுவும் ஒன்று. அதற்கு நிலவியலில் பட்டமும் மலையேறி வரைபடம் போட்ட பழக்கமும் உதவும். தமிழக-ஆந்திர எல்லைப்புறப் பிள்ளைகளுக்குத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலேயே நிலவியல் துறை இருக்கிறது.

செவ்வாயிலிருந்து இன்னும் ஒரு கல்லும் எடுத்துவரப்படவில்லை. அதன் தரைகளுக்குச் சொல்லப்படும் வயதுகள் பெரும்பாலும் நிலவின் கணக்கைச் செவ்வாய்க்கு ஏற்பத் திருத்திப் பெற்றவை. ஜெஸரோ பள்ளத்தில் பெர்சிவரன்ஸ் ரோவர் 2021 முதல் பாறைத் துண்டுகளைக் குழாய்களில் அடைத்து வருகிறது. அவை பூமிக்கு வந்து சேர்ந்தால் அந்தக் கணக்கை நன்றாகச் சரிபார்க்க முடியும்.