கோடு வரைக்கும் தண்ணீர்

குமுளியில் மருந்தாளுநராக இருக்கிறேன். வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட் லயங்களிலிருந்தும் ஏலத்தோட்டங்களிலிருந்தும் வருகிற தமிழ்க் குடும்பங்கள்தான் எங்கள் கடைக்கு அதிகம். மலை இறங்கினால் கூடலூர், கம்பம். அங்கிருந்தும் சீட்டோடு வருவார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா, வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் சிரப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். "அக்கா, மூணு நாளா குடுக்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் விடலையே." பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய மருந்து இளஞ்சிவப்பாக இருந்தது. அதோடு கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "கொதிக்க வச்சு ஆறின வெள்ளம்னு வாங்குன கடையில சொன்னாங்க. வீட்டுல இருந்ததை ஊத்துனேன்." வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். அவர் வீட்டில் கொதிக்கவைத்த வெள்ளம் என்றால் பதிமுகம் என்கிற, தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் மரச்சீவல் போட்ட வெள்ளம். கேரளத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. 'வெறும் தண்ணீர்' என்று யாரும் சொல்லவில்லை, எதுவரை ஊற்றுவது என்று காட்டவும் இல்லை.

அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்ற மருந்துகள் தண்ணீரில் கலந்தபின் நாள் ஆக ஆக வீரியம் இழக்கும். அதனால்தான் குழந்தைகளுக்கான பாட்டிலைப் பொடியாகவே விற்கிறார்கள். அதாவது, மருந்து தயாரிப்பின் கடைசி வேலை உங்கள் அடுப்படியில் நடக்கிறது. 30 எம்.எல். ஆக வேண்டிய பாட்டிலில் தண்ணீர் கூடிப்போய் 40 எம்.எல். ஆகிவிட்டால், ஒவ்வொரு வேளையும் குழந்தைக்குப் போவது முக்கால் பங்கு மருந்துதான். கிருமி முழுசாகச் சாகாது.

சரி, எப்படிக் கலப்பது? பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டிப்போன பொடியை முதலில் உதிர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் சிறிய தண்ணீர்க் குப்பி இருந்தால் அதையே ஊற்றுங்கள். இல்லையென்றால் கொதிக்கவைத்து நன்றாக ஆறிய வெறும் தண்ணீர். சீரகம், பதிமுகம் எதுவும் வேண்டாம். சூடும் இருக்கக் கூடாது. பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு லேபிளில் இருக்கும் கோடு வரை ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கும். மறுபடி கோடு வரை கொஞ்சம் சேர்த்துக் குலுக்குங்கள். கலந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். மருந்து அடியில் படியும். குலுக்காவிட்டால் முதல் நாட்களில் தண்ணீராகவும் கடைசியில் கெட்டியாகவும் போகும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது 'பவர்'. ஒரே பெயர், ஒரே படம் போட்ட பெட்டி, ஆனால் ஒன்றில் 5 எம்.எல்.-க்கு 228.5 மில்லிகிராம், இன்னொன்றில் 457. ஒரு அப்பா கம்பத்து டாக்டர் சீட்டின்படி முதல் பாட்டிலைச் சரியாகக் கொடுத்து முடித்தார். இரண்டாவதை வேறொரு கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்க, பவர் கூடினது வந்துவிட்டது. அதே 5 எம்.எல். கொடுத்திருக்கிறார், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. 'எத்தனை எம்.எல்.' என்று மட்டும் நினைவில் வைத்தால் போதாது. டாக்டர் குழந்தையின் எடையைப் பார்த்து மில்லிகிராமில் கணக்குப் போட்டு, அதன் பிறகுதான் எம்.எல். எழுதுகிறார். அண்ணனுக்கு எழுதிய அளவு தம்பிக்கு ஆகாது. சீட்டில் இருக்கிற எண்ணும் பெட்டியில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். சீட்டு மலையாளத்தில் இருந்தால் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இரண்டாவது பாட்டில் ஏன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 5 எம்.எல். வீதம் தினம் இரண்டு வேளை என்றால் 30 எம்.எல். பாட்டில் 3 நாளில் தீர்ந்துவிடும். டாக்டர் எழுதியது 5 நாளுக்கு. ஆகவே பாட்டில் தீர்ந்தது, மருந்துக் காலம் தீரவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். முதல் பாட்டில் தீரும்வரை இரண்டாவதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கிளாவுலனேட் சேர்ந்த அமாக்சிசிலினைக் கலந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. 7 நாளில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அசித்ரோமைசினுக்குப் பொதுவாக ஃப்ரிட்ஜ் தேவைப்படாது. லயத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மருந்தை யோசிப்பார். அளக்க வீட்டுக் கரண்டி வேண்டாம். கோடு போட்ட மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். பால் பாட்டிலில் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் பாலோடு தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து போனதென்று தெரியாது.

சளி, சாதாரண ஜலதோஷம் எல்லாம் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. பெட்டியில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் தரக் கூடாத மருந்து. செஃபிக்சிம் போன்றவற்றை விற்றால், 2014 முதல் நாங்கள் நோயாளி பெயர், டாக்டர் பெயரோடு பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024-இல், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 'ஆபரேஷன் அம்ருத்' வந்தபின் சோதனையும் கூடியிருக்கிறது. கேரள-தமிழ்நாடு எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் மருந்துச் சட்டம் ஒன்றுதான். சீட்டு இல்லை என்று நான் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு நாளைக்கு உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான்.

பென்சிலின் வகை மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சீட்டு எழுதும்போதே சொல்லுங்கள். மருந்து கொடுத்தபின் உடம்பில் தடிப்பு வந்தால் அடுத்த வேளை கொடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால் காத்திருக்கவே கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எந்தப் பவர் என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள்.