கணிப்புச் சந்தையின் 60 சென்ட்டை எப்படி வாசிப்பது?

அமெரிக்கத் தேர்தல் நெருங்கினால் போதும், யார் வெல்வார் என்று பணம் போட்டுப் பங்கு வாங்கி விற்கும் கணிப்புச் சந்தைகளின் ஸ்கிரீன்ஷாட்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடும். ஏதோ ஒரு மாநிலத்தில் செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) இடத்துக்கான போட்டி, இவருக்கு 60, அவருக்கு 40. இடர் மதிப்பீடு என் தொழில் என்பதால் நண்பர்கள் எனக்கும் அனுப்பி, “அப்போ இவர்தானே ஜெயிப்பார்?” என்று கேட்கிறார்கள். நன்கு படித்தவர்களே அந்த எண்ணைக் கருத்துக்கணிப்பு முடிவாக எடுத்துக்கொள்வது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அது ஒரு விலை. ‘இவர் வெல்வார்’ என்ற பங்கை 60 சென்ட்டுக்கு வாங்குகிறீர்கள். வென்றால் 1 டாலர் வரும், தோற்றால் போட்டது போச்சு. அந்த விலை வெற்றி வாய்ப்பைப் பற்றிய மதிப்பீடு, ஓட்டு விகிதம் அதில் இல்லை. கருத்துக்கணிப்பில் 2 சதவீதப் புள்ளி முன்னிலை மட்டுமே உள்ளவரின் பங்கு 70 சென்ட்டுக்குக்கூடப் போகலாம். 60 சென்ட்டில் நிற்கும் வேட்பாளர்கள் பத்துப் பேரில் நான்கு பேர் தோற்பதும் இயல்புதான்.

2022 பென்சில்வேனியா செனட் போட்டியைப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மனுக்கு அந்த ஆண்டு மே மாதம் பக்கவாதம் வந்தது. அக்டோபர் 25 அன்று குடியரசுக் கட்சியின் மெஹ்மெட் ஆஸுடன் நடந்த விவாதத்தில், கேள்விகளைத் திரையில் எழுத்தாகப் படித்தே பதில் சொன்னார். பல இடங்களில் தடுமாறினார். ப்ரெடிக்ட்இட் என்ற கணிப்புச் சந்தையில் ஆஸ் முன்னுக்கு வந்தார். ஆனால் விவாதம் நடப்பதற்கு முன்பே லட்சக்கணக்கானோர் தபால் ஓட்டைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஃபெட்டர்மன் ஏறத்தாழ 5 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்.

அந்தத் தேர்தலில் ஜார்ஜியா, நெவாடா விலைகளும் குடியரசுக் கட்சிப் பக்கமே சாய்ந்திருந்தன. மூன்று இடங்களிலும் ஜனநாயகக் கட்சிதான் வென்றது. ‘குடியரசு அலை’ என்ற ஒரே நம்பிக்கையை வைத்து மூன்று மாநிலங்களிலும் பங்கு வாங்கியிருந்தால், அந்த நம்பிக்கை பொய்த்ததும் மூன்றும் சேர்ந்தே சரியும். ஒன்று விழுந்தால் கூடவே எது விழும் என்பதுதான் என் வேலையில் நாங்கள் முதலில் தேடுவது. மாநில விலைகளைத் தனித்தனி சாட்சிகளாக எண்ணிக் கூட்டாதீர்கள்.

சந்தை எப்போதும் ஒரே கட்சிப் பக்கம் சாயும் என்றும் சொல்ல முடியாது. 2020-இல் மெய்ன் மாநிலத்தில் கருத்துக்கணிப்புகள் ஜனநாயகக் கட்சியின் சாரா கிடியனை முன்னால் காட்டின, சந்தையும் அவற்றின் பின்னாலேயே போனது. குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ் சுமார் 51 சதவீத ஓட்டு வாங்கி, 8 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் பதவியைத் தக்கவைத்தார். கருத்துக்கணிப்பு தவறும்போது, அதைப் படித்து விலை போடுபவர்களும் சேர்ந்தே தவறுகிறார்கள்.

விலை தவறென்று தெரிந்தவர்கள் ஏன் அதைச் சரிசெய்வதில்லை? ப்ரெடிக்ட்இட்டில் அப்போது ஒருவர் ஒரு பங்கில் 850 டாலருக்கு மேல் போட முடியாது. லாபத்தில் 10 சதவீதம் கட்டணம், பணத்தை வெளியே எடுக்கும்போது இன்னொரு 5 சதவீதம். இரண்டு மூன்று சென்ட் பிழையைத் திருத்தப் போனால் கிடைப்பது கட்டணத்துக்கே சரியாகிவிடும். ஆகவே அங்கே 57-க்கும் 60-க்கும் இடையே அர்த்தம் தேட வேண்டாம்.

பாலிமார்க்கெட் என்ற இன்னொரு கணிப்புச் சந்தையில் அந்த உச்சவரம்பு இல்லை, அங்கே சிக்கல் வேறு மாதிரி. 2024-இல் ஒரே பிரெஞ்சுக்காரர் பல கணக்குகள் வழியாக டிரம்ப் வெற்றி மீது கோடிக்கணக்கான டாலர் போட்டார். அவர் கணிப்பு பலித்தது. ஆனால் அதிபர் தேர்தலோடு ஒப்பிட்டால் மாநில செனட் சந்தையில் புழங்கும் பணம் மிகக் குறைவு. அங்கே விலையை நகர்த்த அவ்வளவு பெரிய ஆள் தேவையில்லை. மொத்தம் எவ்வளவு பணம் கைமாறியிருக்கிறது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான். இடைவெளி 5 சென்ட்டுக்கு மேல் இருந்தால் நடுவில் காட்டும் எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை.

அப்புறம், பங்கு எதை வைத்துத் தீர்க்கப்படும் என்ற விதி. ஜார்ஜியாவில் யாரும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்காவிட்டால் மறுசுற்று நடக்கும். 2022-இல் ஜனநாயகக் கட்சியின் ராஃபேல் வார்னாக் வென்றது டிசம்பர் 6 மறுசுற்றில்தான். ‘நவம்பரில் அதிக ஓட்டு யாருக்கு’ என்ற பங்கும் ‘செனட் இடம் யாருக்கு’ என்ற பங்கும் அங்கே வேறு வேறு. ஸ்கிரீன்ஷாட்டில் அந்த விதி இருக்காது, சந்தையின் பக்கத்தைத் திறந்துதான் படிக்க வேண்டும்.