உள்ளங்கையைக் காட்டினால் கண் தெரிந்துவிடுமா?

குன்னூரில் கண் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். கொஞ்ச காலமாகப் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "கண்ணில் பாதுகாப்பு நிறமி குறைவாக இருக்கிறதாம், மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?" எங்கே பார்த்தார்கள் என்று கேட்டால், ஏதோ ஒரு மண்டபத்தில் நடந்த இலவச முகாம் என்கிறார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் கையை நீட்டுகிறார்கள். ஒரு சிறு பெட்டியின் ஒளியில் உள்ளங்கையை வைத்தார்களாம், திரையில் ஓர் எண் வந்ததாம். கண்ணை யாரும் பார்க்கவே இல்லை!

அந்த நிறமி கற்பனை அல்ல. விழித்திரையின் நடுவே, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் சிறு பகுதிக்கு மாகுலா என்று பெயர். லூட்டின், ஸியாஸாந்தின் என்னும் மஞ்சள் நிறமிகள் அங்கே செறிந்திருக்கின்றன. நீல ஒளியை, அதிலும் 460 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை, அவை உறிஞ்சிக்கொள்கின்றன. இவற்றை உடல் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும்.

எந்தச் சாப்பாட்டில் என்று சொன்னால் நம் மலைக்காரர்களுக்கு மனம் கொஞ்சம் வாடும். கேரட்டில் மிகுந்திருப்பது பீட்டா கரோட்டின். உடலில் வைட்டமின் ஏ ஆக மாறி மாலைக்கண் வராமல் காப்பது அதுதான். ஆனால் அது மாகுலாவில் போய்ப் படிவதில்லை. கேத்திப் பக்கம் கேரட் பயிரிடும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். நாள்தோறும் பச்சைக் கேரட் கடிப்பவர். உள்ளங்கை நன்றாக மஞ்சளித்திருந்தது. முகாமில் அவருக்குக் கிடைத்த சான்று 'மிக நன்று'. என் கருவியில் வந்ததோ குறைந்த அளவு. இரண்டிலும் பிழையில்லை. பீட்டா கரோட்டின், லூட்டின் என்று தோலில் சேர்ந்திருக்கும் எல்லா வகைக் கரோட்டினாய்டு நிறமிகளையும் கூட்டிச் சொல்வதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அத்தகைய கருவிகளில் ஒரு வகை, திருச்சிக்காரரான சி.வி.ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலை வைத்தே இயங்குகிறது. அறிவியலில் குறையில்லை, தோலை அளந்துவிட்டுக் கண்ணுக்கு மாத்திரை விற்பதில்தான் குறை.

சரி, கண்ணில் எப்படி அளக்கிறோம்? கருவிக்குள் ஒரு சிறு வட்டத்தில் நீல ஒளியும் பச்சை ஒளியும் மாறி மாறி வரும். தொடக்கத்தில் வேகம் அதிகம் என்பதால் அசையாத ஒரே வெளிச்சமாகத் தெரியும். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்போம். வட்டம் மினுங்குவது தெரிந்த கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை மாற்றி மாற்றி இதையே திரும்பச் செய்வோம். இரண்டும் அந்தக் கண்ணுக்குச் சம வெளிச்சமாகப் படும் இடத்தில் மினுக்கம் மிகவும் தாமதமாகத்தான் தெரியும். அழுத்திய புள்ளிகளைக் கோர்த்தால் நடுவில் பள்ளமாக இறங்கி ஏறும் கோடு கிடைக்கும். அந்தப் பள்ளம் எங்கே விழுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. நிறமி அதிகமானால் நீலம் உள்ளே தடுக்கப்படும். சமமாக்க இன்னும் கூடுதல் நீலம் தேவைப்படும். பிறகு பார்வையைச் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லி, நிறமி ஏறக்குறைய இல்லாத ஓரப்பகுதியில் இதையே அளந்து, இரண்டையும் ஒப்பிடுவோம். வயதால் கண்ணின் வில்லை (லென்ஸ்) மஞ்சளித்திருந்தாலும் அது இரண்டு அளவையும் ஒன்றுபோலவே பாதிப்பதால் கணக்கில் அடிபட்டுப் போகும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

தொல்லையும் இதில்தான். பொத்தானை அழுத்துவது நோயாளி. தேயிலை பறித்துவிட்டு மாலையில் களைத்து வரும் அம்மாவிடம், "தெரிந்ததும் அழுத்துங்கள், யோசிக்க வேண்டாம்" என்று சொன்னாலும், தவறாகிவிடுமோ என்ற பயத்தில் தாமதிப்பார். சிலர் தெரிவதற்கு முன்பே அழுத்திவிடுவார்கள். புள்ளிகள் சிதறி, பள்ளம் இல்லாமல் கோடு வந்தால் நான் எண்ணைச் சொல்வதில்லை. தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி எடுப்பேன். நோயாளியின் பதில் தேவைப்படாத கருவிகளும் உண்டு: விழித்திரையின் பின்படலம் தானாக உமிழும் மங்கல் ஒளியை, நீலத்திலும் பச்சையிலும் தூண்டிப் படமெடுத்துக் கணக்கிடுபவை. விலை கூடியவை. கண்புரை முற்றியிருந்தால் அவற்றிலும் படம் தெளிவாக வராது.

வரும் எண் பெரும்பாலும் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். 0.3 என்றால் அந்த நீல ஒளியில் பாதி தடுக்கப்படுகிறது. 1 என்றால் பத்தில் ஒன்பது பங்கு. ஆனால் இது சர்க்கரை அளவைப் போன்றதல்ல. இதற்குக் கீழே போனால் நோய் என்று கோடு போட முடியாது. இன்று 0.35, மூன்று மாதம் கழித்து 0.42 என்று வந்தால் அது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம், பொத்தானை அழுத்திய விரலின் வேலையாகவும் இருக்கலாம்.

மாத்திரைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. 2013-இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ஏரெட்ஸ்-2 என்ற கண் நோய் ஆய்வில் நாளுக்கு 10 மில்லிகிராம் லூட்டின், 2 மில்லிகிராம் ஸியாஸாந்தின் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு, முந்தைய ஏரெட்ஸ் ஆய்வின் மாத்திரைக் கலவையில் இருந்த பீட்டா கரோட்டினை நீக்கி இவற்றைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. பீட்டா கரோட்டின் மாத்திரை புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. பீடி பிடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இந்தக் கலவை, வயதால் வரும் மாகுலாச் சிதைவு நடுத்தரக் கட்டத்தை எட்டியவர்களுக்கு, அது முற்றாமல் தள்ளிப்போடத்தான். கண் நன்றாக இருப்பவர் சாப்பிட்டால் நோய் வராது என்பதற்குச் சான்று இல்லை.

கண் நன்றாக இருப்பவர்களுக்குக் கீரை போதும். முருங்கை இந்தக் குளிரில் தழைக்காது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும்; அகத்தியும் அப்படித்தான். பாலக் கீரை இங்கேயே விளைகிறது. முட்டை மஞ்சள் கருவும் மக்காச்சோளமும் நல்லவை. கீரையை எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். கொழுப்பு இல்லாமல் இந்த நிறமிகள் உடலில் சரியாகச் சேராது.

மலை வெயிலுக்கும் நிறமி காவல் என்று முகாமில் சொன்னார்களாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுவது உண்மை. உதகை 2,200 மீட்டருக்கு மேல். ஆனால் பெரியவர்களின் கண்ணில் அதன் பெரும்பகுதியைக் கருவிழியும் வில்லையுமே தடுத்துவிடும். அந்தக் கதிரால் வரும் கேடு கண்புரையும் கண்ணின் வெள்ளையில் வரும் சதை வளர்ச்சியும். அதற்குத் தொப்பியும் தரமான குளிர்கண்ணாடியும்தான் வேண்டும்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறமி எண்ணைவிட விழித்திரைப் பரிசோதனையைக் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வயது பார்க்க வேண்டாம். வீட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால் பாருங்கள். நேர்க்கோடு நெளிந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் அந்த வாரமே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நீர் கசியும் வகை மாகுலாச் சிதைவுக்குக் கண்ணில் போடும் ஊசி உண்டு, தாமதித்தால் இழந்த பார்வை திரும்புவது கடினம். பரிசோதனைக்குக் கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும். கொண்டை ஊசி வளைவில் நீங்களே வண்டி ஓட்டித் திரும்ப முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அல்லது பஸ்ஸில் போய் வாருங்கள்.