மின்னணு வேறு, எண்ணிமம் வேறு

எங்கள் ஊரில் 'மின்னணுத் திறன் பயிற்சி முகாம்' என்று ஒரு தட்டி வைத்திருந்தார்கள். அதைப் படித்த டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "முப்பது வருஷமா சால்டரிங் பிடிக்கிறேன் தம்பி, இவங்க எனக்கு என்ன புதுசா சொல்லித் தரப்போறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். எந்த கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். அதே மனிதர், மின் கட்டணம் பாக்கி என்று போனுக்கு வந்த குறுஞ்செய்தியை நம்பி, ஓடிபியையும் சொல்லி 8,000 ரூபாயை விட்டவர். அந்த முகாமே அவரைப் போன்றவர்களுக்குத்தான். தட்டியில் டிஜிட்டல் என்ற பொருளில் போட்டிருந்த 'மின்னணு' என்ற ஒரு சொல் அவரைப் போகவிடாமல் செய்துவிட்டது.

டிஜிட்டல் என்ற சொல்லின் வேர் லத்தீனில் விரலைக் குறிக்கும் 'டிஜிட்டஸ்'. விரல் விட்டு எண்ணியதால் பத்துக்கு உட்பட்ட எண்களுக்கு அந்தப் பெயர் வந்தது. பேச்சு, படம், எழுத்து என எதையும் எண்களாக்கிச் சேமித்து அனுப்பும் முறை இன்றைய டிஜிட்டல். மின்னணு என்பது எலக்ட்ரானின் தமிழ்ப் பெயர். அது துகளின் பெயர், மற்றது எண்ணும் முறையின் பெயர். இரண்டையும் ஒன்றாக்க எந்தக் காரணமும் இல்லை.

தாத்தா காலத்து வால்வு ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எலக்ட்ரான் ஓடாவிட்டால் அது பாடாது. ஆனால் அதில் டிஜிட்டல் என்று எதுவும் கிடையாது. ஒலி, அலையாகவே வந்து அலையாகவே போகும். அபாகஸ் என்கிற மணிச்சட்டத்தைப் பாருங்கள். மின்சாரமே வேண்டாம், ஆனாலும் ஒவ்வொரு மணியும் ஓர் எண், அது டிஜிட்டல்தான். அப்புறம் நம் ரேஷன் அட்டை. 2017இல் வந்த ஸ்மார்ட் அட்டைக்கு 'மின்னணு குடும்ப அட்டை' என்று பெயர் வைத்தார்கள். பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்த கியூஆர் கட்டத்தில் எந்த மின்னணு இருக்கிறது? மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்பது சரியான பெயர். அங்கே மூலச் சொல்லே எலக்ட்ரானிக். டிஜிட்டல், ஸ்மார்ட், ஆன்லைன் என்று எது வந்தாலும் அதே மின்னணுவை ஒட்டிவிடுவதுதான் என் கோபம். மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்ப்பதில்லை, பழைய கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்.

சரி, எது தகும்? இலங்கையில் இலக்கமுறை என்பார்கள். அங்கே வீட்டு எண்ணே வீட்டு இலக்கம் என்பதால் அது இயல்பாக ஒட்டும். இங்கே இலக்கு என்ற சொல் குறுக்கே வந்து நிற்கிறது. எண்முறை என்றால், எண்திசை, எண்கோணம் போல எட்டு என்ற பொருள் எட்டிப் பார்க்கும். டிஜிட்டல் என்றே எழுதினாலும் சிக்கல் உண்டு: நம் தெருவில் "ஒரு டிஜிட்டல் அடிக்கணும்" என்றால் கல்யாண பேனர். எண்ணிமம் என்பதில் எண்ணுதல் தெளிவாகத் தெரிகிறது, வேறு பொருளோடு மோதவில்லை. ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் 'நூலகம்' என்ற இணையத்தளம் தன்னை எண்ணிம நூலகம் என்றே சொல்லிக்கொள்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

எண்ணிமத்தை வைத்துக்கொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். காகிதத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது எண்ணிமமாக்கம். அந்தக் காகிதமே தேவைப்படாதபடி வேலை முறையைத் திருத்துவது எண்ணிம மாற்றம். இரண்டுக்கும் 'மின்னணுமயமாக்கல்' என்ற ஒரே சொல்லைப் போடுவதால், ஸ்கேன் செய்த பக்கங்களை எண்ணி நாடு முன்னேறிவிட்டதாக அறிக்கை எழுத முடிகிறது. ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, அதை அச்செடுத்து, மூன்று நகலோடு அலுவலகத்தில் நிற்பவருக்கு மாறியது என்ன? ஐரோப்பிய நாடான எஸ்தோனியா 2001இல் எக்ஸ்-ரோடு என்ற அமைப்பால் அரசுத் தரவுத்தளங்களை இணைத்தது. ஒரு தகவலை அரசுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், மற்ற துறைகள் தங்களுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே நெறி. அது மாற்றம்.

திறனும் அப்படித்தான். 2017இல் இந்திய அரசு கிராமப்புறங்களில் 6 கோடி வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில், டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. சொல்லிக் கொடுத்தது இணையத்தில் தேடுவது, மின்னஞ்சல் அனுப்புவது, அரசுச் சேவை பெறுவது, பணம் செலுத்துவது. இதில் சால்டரிங் எங்கே இருக்கிறது?

அடுத்த முகாமுக்குத் தட்டி எழுதுபவர்கள் 'எண்ணிமத் திறன் பயிற்சி' என்று போடட்டும். சொல் புதிது என்றால் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: 'போனில் பணம் அனுப்பவும், ஏமாற்றுச் செய்தியைக் கண்டுபிடிக்கவும் சொல்லித் தரப்படும்.' அதைப் படித்தால் மெக்கானிக் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வருவார்.