காந்த நீர்மம்: சொல் விளக்கம்

காந்தத்தால் இழுபடும் நுண்துகள்கள் கலந்த திரவம்தான் காந்த நீர்மம். ஆங்கிலத்தில் இதற்கு ஃபெரோஃப்ளூயிட் என்று பெயர். லத்தீனில் ஃபெர்ரம் என்றால் இரும்பு. ஃப்ளூயிட் 'பாய்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. 1963-இல் நாசா பொறியாளர் ஸ்டீவ் பாப்பெல் உருவாக்கிய பொருள் இது. விண்வெளியில் எடையில்லாமல் அலையும் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் பம்பின் வாய்க்கு இழுத்துவிடலாம் என்று அவர் யோசித்தார்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கருந்துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுதான் பெரும்பாலும் இந்த நீர்மத்திலும் இருக்கிறது. ஆனால் இங்கே துகளின் விட்டம் சுமார் 10 நானோமீட்டர்தான். ஒலியிக் அமிலம் போன்ற ஒன்றைத் துகள்மேல் பூசி மண்ணெண்ணெயில் கலக்குகிறார்கள். பூச்சு இருப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது, இவ்வளவு சிறியவை என்பதால் அடியிலும் படியாது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'காந்தப் பாய்மம்' தவறில்லை. ஆனால் நம் பாடநூல்களில் பாய்மம் என்றால் வாயுவும் சேரும். இது திரவம் மட்டும்தான், அதனால் 'காந்த நீர்மம்' என்பதே பொருத்தம். 'ஃபெர்ரோ' என்ற அடைமொழியை விட்டுவிடலாம். இரும்பு போன்ற ஃபெர்ரோ காந்தப் பொருள் காந்தப்புலம் போன பிறகும் காந்தத்தன்மையைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும், இந்த நீர்மமோ முழுக்க விட்டுவிடும்.

இந்த நீர்மத்தை வைத்துக் காந்தப்புலத்தை அளக்கும் உணரி (சென்சார்) செய்கிறார்கள், அதற்கு வேண்டியதும் அந்தக் குணம்தான். ஒளியிழையின், அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையின், ஒரு பகுதியை மெலிதாக்கி, நீர்மம் நிறைந்த நுண்குழாய்க்குள் வைத்து அடைக்கிறார்கள். காந்தப்புலம் பட்டதும் துகள்கள் சங்கிலி கோத்தாற்போல் வரிசையாகும். நீர்மத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, மாறும். இழை வழியே வரும் ஒளியின் செறிவோ அலைநீளமோ நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் புலத்தின் வலிமை தெரிந்துவிடும். வெப்பம் ஏறினாலும் இதே எண் மாறும் என்பது பெரிய தொல்லை, அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. நெய்வேலி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் உயர் மின்னழுத்தக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, அதைச் சுற்றியுள்ள புலத்திலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிட இது ஏற்றது. முழுப் பெயராக 'காந்த நீர்ம ஒளியிழை உணரி' என்று எழுதலாம்.